கந்தகம் எங்கே போகிறது? உலை எண்ணெயும் சுன்னாகத்துக் கிணறுகளும்

2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுன்னாகம், மல்லாகம், ஏழாலைப் பக்கம் கிணற்றடிக்குப் போனவர்களுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. வாளியை இழுத்து எடுத்ததும் முதலில் மணந்து பார்த்தார்கள். பிறகு வெயில் படும் பக்கமாகத் திருப்பி, தண்ணீரின் மேல் நிறம் நிறமாக ஏதும் படர்கிறதா என்று பார்த்தார்கள். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, இடிந்த வீட்டைத் திருத்த முன்னரே கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய சனம் அது. அந்தக் கிணற்றிலேயே எண்ணெய் மிதக்கிறது என்ற செய்தி அவர்களை எப்படி உலுக்கியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு என்ற கேள்விகள் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அது எப்படிப்பட்ட எண்ணெய், அதற்குள் என்ன இருக்கிறது, அதிலுள்ள கந்தகத்தையும் கழிவையும் உலகின் மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள் என்பது பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் குறையை ஓரளவு நிரப்புவதற்கானது. நாளை வேறொரு மின்நிலையமோ தொழிற்சாலையோ நமது ஊருக்கு வரும்போது, மக்கள் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது பயன் தரும்.

சுருக்கமாக, நடந்தது என்ன?

சுன்னாகத்தில் மின்பிறப்பாக்கிகள் ஓடத் தொடங்கியது 1950களின் இறுதியில். 1990க்குப் பிறகு குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுபட்டுக் கிடந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலம் அது. சுன்னாகம் மின்நிலையத்தின் எண்ணெய்த் தாங்கிகள் போர்க்காலத்தில் தாக்கப்பட்டு, எண்ணெய் நிலத்தில் ஓடியதை அந்தப் பகுதியின் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

போர் முடிவுக்கு வந்த காலப்பகுதியில் அதே வளாகத்தில் நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனத்தின் 30 மெகாவாற் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருள் உலை எண்ணெய். சில ஆண்டுகளில் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் தெரியத் தொடங்கியது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 இறுதியிலிருந்து நடத்திய ஆய்வில் 150 கிணறுகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் 109 கிணறுகளில், அதாவது 73 சதவீதமானவற்றில், எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாக இருந்தன.

2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின்நிலையத்தின் இயக்கத்தை நிறுத்த உத்தரவிட்டது. பௌசர்களில் குடிதண்ணீர் வந்தது. வடக்கு மாகாணசபை அமைத்த நிபுணர் குழு, ஆபத்தான நச்சுப் பொருட்கள் தண்ணீரில் இல்லை என்ற கருத்தை வெளியிட்டது. மக்கள் அதை நம்பவில்லை. உண்ணாவிரதங்களும் ஆர்ப்பாட்டங்களும் தொடர்ந்தன.

சுற்றாடல் மற்றும் இயற்கைக் கற்கைகள் நிலையத்தின் தலைவர் ரவீந்திர குணவர்தன காரியவசம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீர் மாசடைந்ததற்கு மின்நிலையத்தின் செயற்பாடு காரணம் என்று நீதிமன்றம் கண்டது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபா செலுத்துமாறு அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. மேற்பார்வை செய்திருக்க வேண்டிய அரச அமைப்புகள் கடமை தவறியதையும் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. இலங்கையின் சுற்றாடல் சட்ட வரலாற்றில் இது முக்கியமான தீர்ப்பு.

வழக்கு பேசியது எண்ணெயும் கிறீசும் பற்றி. அந்த எண்ணெயோடு கூட வந்த கந்தகம் வேறு வழியால் போனது. அதைப் புரிந்துகொள்ள எண்ணெயின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

உலை எண்ணெய் என்பது அடிமண்டி

நிலத்திலிருந்து எடுக்கும் மசகு எண்ணெயைச் சுத்திகரிப்பு நிலையத்தில் சூடாக்கி வடிக்கிறார்கள். முதலில் வாயு, பிறகு பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் என்று இலேசானவை மேலே போய்ப் பிரிகின்றன. எவ்வளவு சூடாக்கியும் ஆவியாகாமல் அடியில் தங்குவது கரிய, தடித்த ஒரு மண்டி. உலை எண்ணெய் அதிலிருந்தே தயாராகிறது. சாதாரண வெப்பநிலையில் அது பாணி போல் இறுகி நிற்கும். சூடாக்கினால்தான் குழாய்க்குள் ஓடும். விலை குறைவு என்பதே அதன் கவர்ச்சி.

அடிமண்டி என்பதால் மசகு எண்ணெயில் இருந்த அழுக்கெல்லாம் அதிலேயே சேர்கிறது: கந்தகம், வனேடியம், நிக்கல், சாம்பல் தரும் பொருட்கள். மத்திய கிழக்கு மசகு எண்ணெயிலிருந்து கிடைக்கும் உலை எண்ணெயில் நிறையளவில் 2 முதல் 3.5 சதவீதம் வரை கந்தகம் இருப்பது வழமை.

இந்தக் கந்தகம் எண்ணெயில் மண் போலவோ தூசி போலவோ கலந்திருக்கவில்லை. எண்ணெயின் மூலக்கூறுக்குள்ளேயே, காபன் அணுக்களோடு பிணைந்து இருக்கிறது. தேநீரில் கரைந்த சீனியை வடியால் வடித்தெடுக்க முடியாது. இது அதைவிடக் கடினம், ஏனென்றால் கரைந்திருப்பதோடு நிற்காமல் பிணைந்தும் இருக்கிறது. ஆகவே வடிகட்டினாலும் நீரால் கழுவினாலும் சுழற்றிப் பிரித்தாலும் கந்தகம் போகாது. மின்நிலையங்களில் "எண்ணெய் சுத்திகரிக்கும் இயந்திரம் இருக்கிறது" என்று சொல்லப்படும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இயந்திரம் தண்ணீரையும் சேற்றையும் பிரிக்கும். கந்தகத்தைத் தொடாது.

ஒரு நாள் கணக்கு

30 மெகாவாற் மின்நிலையம் ஒன்று முழு வேகத்தில் ஒரு நாள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அது 7 இலட்சத்து 20 ஆயிரம் அலகு மின்சாரம் தரும். உலை எண்ணெயில் ஓடும் நல்ல இயந்திரம் ஓர் அலகுக்கு ஏறக்குறைய 210 கிராம் எண்ணெய் குடிக்கும். அப்படியானால் ஒரு நாளைக்கு 150 தொன் எண்ணெய் வேண்டும். அதில் 3 சதவீதம் கந்தகம் என்றால் 4.5 தொன். எரியும்போது கந்தகம் ஒட்சிசனோடு சேர்ந்து கந்தகவீரொட்சைட்டு வாயுவாகிறது. நிறை இரட்டிக்கிறது. ஆக, புகைபோக்கியால் ஒரு நாளைக்கு 9 தொன் கந்தகவீரொட்சைட்டு.

இது சுன்னாகத்தில் அளந்த கணக்கல்ல. இத்தகைய எண்ணெயை இந்த அளவு எரித்தால், பிடிப்பதற்கு எதுவும் பூட்டப்படாவிட்டால், வெளியேறக்கூடிய அளவு இது. மின்நிலையம் பாதி வேகத்தில் ஓடினால் பாதியாகும்.

அந்த வாயு மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களை, சிறுவர்களை, முதியவர்களை முதலில் தாக்கும். வளியில் ஈரத்தோடு சேர்ந்து சல்பூரிக்கமிலமாகி மழையோடு இறங்கும்.

கந்தகத்தை எப்படி எடுக்கிறார்கள்?

முதலாவது வழி, எரிப்பதற்கு முன் எடுப்பது. சுத்திகரிப்பு நிலையத்தில் எண்ணெயை 300 முதல் 400 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, உயர் அழுத்தத்தில் ஐதரசன் வாயுவோடு சேர்த்து, கோபால்ற்று, மொலிப்தினம் கொண்ட ஊக்கியின் மேல் செலுத்துகிறார்கள். ஐதரசன் கந்தகத்தை மூலக்கூறிலிருந்து பிடுங்கி ஐதரசன் சல்பைட்டு ஆக்குகிறது. கூழ்முட்டை மணமுள்ள அந்த வாயு கடும் நஞ்சு. அதைத் திரட்டி, 1883 இல் கார்ல் பிரீட்ரிக் கிளவுஸ் உரிமம் பெற்ற முறையின் வழிவந்த உலைகளில் மஞ்சள் கந்தகமாக மாற்றுகிறார்கள். உலகச் சந்தையில் விற்கப்படும் கந்தகத்தில் பெரும் பகுதி இப்போது எண்ணெயிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் இப்படி எடுக்கப்படுவதுதான். உரத்துக்குத் தேவையான சல்பூரிக்கமிலம் அதிலிருந்தே வருகிறது.

டீசலுக்கு இந்த முறை இலகு. அடிமண்டிக்குக் கடினம். அதிலுள்ள வனேடியமும் நிக்கலும் தார் போன்ற பெரிய மூலக்கூறுகளும் ஊக்கியின் துளைகளை அடைத்துவிடும். ஆகவே தனியான, செலவு மிகுந்த அலகுகள் வேண்டும். 1969 இல் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தில் அடிமண்டியிலிருந்து கந்தகத்தை நீக்கும் அலகு இல்லை. ஆகவே இலங்கையில் கந்தகம் குறைந்த உலை எண்ணெய் வேண்டுமென்றால், அப்படியே வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும். அது முடியாத காரியமல்ல. கொழும்புக்கு அருகே கெரவலப்பிட்டியிலுள்ள மின்நிலையம் கந்தகம் குறைந்த உலை எண்ணெய்க்காகத் திட்டமிடப்பட்டதே.

இரண்டாவது வழி, எரித்த பின் புகையில் பிடிப்பது. சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்து நீரில் கரைத்து, புகை வரும் வழியில் மழை போல் தூவுகிறார்கள். கந்தகவீரொட்சைட்டு சுண்ணாம்போடு சேர்ந்து கடைசியில் ஜிப்சமாகிறது. சீமெந்துக்கும் கூரைப் பலகைக்கும் அதைப் பயன்படுத்தலாம். மேலே பார்த்த கணக்குக்கு ஒரு நாளைக்கு 14 தொன் சுண்ணாம்புக்கல் வேண்டும். 24 தொன் ஜிப்சம் வெளியே வரும். அதற்கும் இடம் வேண்டும், வாங்க ஆள் வேண்டும், மீதி நீரைச் சுத்திகரிக்க வசதி வேண்டும்.

கடலோரத்தில் இன்னொரு வகை உண்டு. கடல்நீருக்கு இயல்பாகவே காரத்தன்மை இருப்பதால் அதைப் புகையின் மேல் தூவிக் கந்தகத்தைக் கரைக்கிறார்கள். புத்தளம் மாவட்டம் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் இருப்பது அந்த முறை. அங்கே கந்தகம் கடலுக்குப் போகிறது.

மூன்றாவது, இன்னும் பெரும்பாலும் ஆய்வுகூடங்களில் இருக்கும் வழிகள். ஐதரசன் பெரொட்சைட்டு போன்ற ஒட்சியேற்றிகளால் கந்தகச் சேர்வைகளை மாற்றிக் கரைப்பானால் பிரித்தெடுப்பது ஒன்று. உரொடோகொக்கஸ் வகைப் பக்ரீரியாவைக் கொண்டு, எண்ணெயின் எரிசக்தியைக் கெடுக்காமல் கந்தகத்தை மட்டும் தின்னவைப்பது இன்னொன்று. 1990களில் இதில் பெரும் எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் நாளைக்கு நூற்றுக்கணக்கான தொன் எண்ணெயைக் கையாளும் வேகம் பக்ரீரியாவுக்கு வரவில்லை. "ஒரு போத்தல் இரசாயனம் கலந்தால் கந்தகம் போய்விடும்" என்று யாராவது விற்க வந்தால், போன கந்தகம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

உண்மையில் எல்லா வழிக்கும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கந்தகம் ஒரு மூலகம். அதை எரித்தோ கழுவியோ இல்லாமல் செய்ய முடியாது. இடம்தான் மாறும். எண்ணெயில் இருந்தது வானத்துக்குப் போகும், அல்லது கடலுக்கு, அல்லது ஜிப்சத்துக்கு, அல்லது மஞ்சள் கட்டியாகச் சந்தைக்கு. எந்த இடம் என்பதைத் தீர்மானிப்பது பணமும் சட்டமும், அதைக் கேட்க ஆள் இருக்கிறதா என்பதும்.

உலகம் இதைக் கடலில் கற்றுக்கொண்டது. 2020 ஜனவரி 1 முதல் சர்வதேசக் கப்பல்கள் எரிக்கும் எண்ணெயில் கந்தகம் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச கடல்சார் அமைப்பு விதித்தது. அதற்கு முன் எல்லை 3.5 சதவீதம். புகையைக் கழுவும் கருவி பூட்டிய கப்பல்கள் மட்டும் பழைய எண்ணெயைத் தொடரலாம். கப்பல்களுக்கு வேண்டாமற்போன எண்ணெய் இயல்பாகவே மலிவான வாடிக்கையாளரைத் தரையில் தேடும். சட்டமும் கண்காணிப்பும் தளர்ந்த ஊர்கள் அதற்கு வசதியானவை.

கிணற்றுக்கு வந்தது எது?

இனி எண்ணெயின் மற்றப் பாதிக்கு வருவோம். உலை எண்ணெய் இயந்திரத்துக்குள் போக முன் சூடாக்கப்பட்டு, அதிவேகமாகச் சுழலும் பிரிப்பானுக்குள் விடப்படும். தண்ணீரும் சேறும் கனமான துணிக்கைகளும் ஒதுங்கும். இந்தக் கழிவைச் சேற்றெண்ணெய் எனலாம். இதே வகை எண்ணெயை எரிக்கும் கப்பல்களில், எரித்த எண்ணெயின் 1 முதல் 1.5 சதவீதம் வரை இப்படிக் கழிவாகும் என்று கணக்கிடுவார்கள். நாளைக்கு 150 தொன் எரித்தால் ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாமல் கழிவு. ஒரு மாதத்தில் 45 தொன்.

அதோடு பழைய எஞ்சின் ஒயிலும் சேரும். கந்தகம் உள்ள எண்ணெய் எரியும்போது இயந்திரத்துக்குள்ளேயே அமிலம் உருவாகும். அது உலோகத்தை அரிக்காமலிருக்க எஞ்சின் ஒயிலில் சுண்ணாம்புச் சேர்வை போன்ற காரப்பொருள் கலந்திருப்பார்கள். அமிலத்தோடு போராடிக் காரம் தீர்ந்ததும் ஒயிலை மாற்ற வேண்டும். எண்ணெயில் கந்தகம் கூடக் கூட இந்தச் சுமையும் கூடும். இயந்திரம் கழுவிய நீர், தாங்கியின் அடியில் வடிக்கும் நீர், நிலத்தில் சிந்தியதை அடித்துச்செல்லும் மழைநீர் எல்லாவற்றிலும் எண்ணெய் இருக்கும்.

இவ்வளவையும் என்ன செய்வது? செய்ய வேண்டிய முறை இரகசியமல்ல. எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் தொட்டிகள் வேண்டும். நிலத்துக்குக் கசியாத கொங்கிறீற்றுத் தளமும், தாங்கியைச் சுற்றி அதன் முழுக் கொள்ளளவையும் தாங்கும் அணைச்சுவரும் வேண்டும். பிரித்தெடுத்த சேற்றெண்ணெயை உரிமம் பெற்றவர் ஏற்றிச் சென்று அழிக்க வேண்டும். இலங்கையில் இத்தகைய கழிவுகள் 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி "பட்டியலிடப்பட்ட கழிவுகள்". 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், அவற்றை உருவாக்கவும் சேகரிக்கவும் ஏற்றிச் செல்லவும் அழிக்கவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும்.

அழிக்கும் இடமும் நாட்டில் உண்டு. புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலையின் சூளையில் கைத்தொழிற் கழிவுகளை எரிபொருளோடு சேர்த்து எரிக்கிறார்கள். 1400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் எண்ணெய் முற்றாக எரியும். அதிலுள்ள கந்தகத்தின் பெரும் பகுதியைச் சூளையிலுள்ள சுண்ணாம்பே பிடித்துக்கொள்ளும். அது சீமெந்துக்குள் போய்விடும். கழிவிலிருக்கும் கந்தகத்துக்கு நமது நாட்டில் கிடைக்கக்கூடிய நல்ல முடிவுகளில் இது ஒன்று. பௌசரில் ஏற்றிப் புத்தளம் வரை கொண்டுபோகப் பணம் வேண்டும் என்பதுதான் அதிலுள்ள ஒரே "குறை". நிலத்தில் விடுவதற்குச் செலவில்லை. அந்தச் செலவைக் கிணற்றுக்காரர் கட்டுவார்.

இது சுண்ணாம்புக்கல் நிலம்

வேறு நிலத்தில் நடந்திருந்தால் இதே தவறின் விளைவு குறைவாக இருந்திருக்கக்கூடும். தடித்த களிமண் உள்ள இடத்தில் சிந்திய எண்ணெய் மெல்ல இறங்கும், மண் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும். குடாநாட்டில் மெல்லிய செம்மண் போர்வைக்குக் கீழே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகள் கரைத்துக் கரைத்து அதில் வெடிப்புகளும் குகைகளும் வாய்க்கால்களும் உண்டாக்கியிருக்கிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அதற்குச் சாட்சி. நமக்கு வற்றாத ஆறு கிடையாது. மாரியில் பெய்வது நிலத்துக்குள் இறங்கி, கடல்நீரின் மேல் மெல்லிய நன்னீர் வில்லையாக மிதக்கிறது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று நான்கு பெரிய நீர்த்தேக்கங்களில் வலிகாமத்தின் தேக்கம்தான் பெரியது. சுன்னாகம் அதன் நடுவில் இருக்கிறது.

அந்த நீரை ஏற்கெனவே பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று வாட்டுகிறது. அதன்மேல்தான் எண்ணெய் வந்தது. ஒரு வளவில் விட்ட எண்ணெய் வெடிப்பு வழியே எந்தப் பக்கம் போகும் என்று மேலே நின்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக் கிணறு தப்பி, அரைக் கட்டை தள்ளியிருப்பது கெடுவதும் இந்த நிலத்தில் நடக்கக்கூடியதே.

இதில் ஒரு முரண் உண்டு. புகையிலிருந்து கந்தகத்தைப் பிடிக்க உலகம் தேடும் கல் எது? சுண்ணாம்புக்கல். அதன் மேல்தான் நாம் குடியிருக்கிறோம். அதற்காக இந்தக் கல்லைத் தோண்டி அந்த வேலைக்குக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்க முடியாது. இந்தக் கல்தான் நமது தண்ணீர்த் தொட்டி. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகத் தோண்டிய பள்ளங்கள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. தொட்டியை உடைத்துப் புகையைக் கழுவ முடியாது. ஆகவே குடாநாட்டைப் பொறுத்தவரை கந்தகம் நீக்கும் சரியான இடம் ஆனையிறவுக்கு அப்பால்தான். கந்தகம் குறைந்த எண்ணெயாக வர வேண்டும், அல்லது எண்ணெயே வரக்கூடாது.

கிணறு உள்ளவர்களுக்கு

தண்ணீரின் மேல் நிறப்படலம் தெரிந்தால் ஒரு தடியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடித் துண்டுகள் போல் உடைந்து தனித்தனியாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பக்ரீரியாவின் படலம். உடனே ஒன்றுசேர்ந்து மீண்டும் படர்ந்தால் எண்ணெய் என்று சந்தேகிக்க வேண்டும். இது முதல் அறிகுறி மட்டுமே. ஆய்வுகூடப் பரிசோதனைக்கு ஈடாகாது.

கூழ்முட்டை மணம் வந்தால் அது ஐதரசன் சல்பைட்டு. ஒட்சிசன் குறைந்த நீரிலுள்ள பக்ரீரியா, நீரில் இயல்பாக இருக்கும் சல்பேற்றை உடைக்கும்போதும் அது வரும். ஆகவே மணம் வந்ததும் எண்ணெய்தான் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. அதேநேரம் நிலத்தடியில் எண்ணெய் சேர்ந்த இடத்தில் அதே பக்ரீரியா பெருகவும் கூடும். ஆகவே தட்டிக்கழிக்கவும் வேண்டாம்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், எண்ணெய் போகாது. குளோரின் போட்டாலும் போகாது. வீட்டு வடிகருவிகளின் மென்சவ்வை எண்ணெய் அடைத்துப் பழுதாக்கும். பரிசோதனைக்கு நீர் எடுக்கும்போது கண்ணாடிப் போத்தலே வேண்டும். பிளாஸ்ரிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்வதால் அளவு குறைவாகக் காட்டும். ஆய்வுகூடமே தரும் போத்தலில், அவர்கள் சொல்லும் முறைப்படி எடுப்பது நல்லது. எடுத்த திகதியையும் மாரியா கோடையா என்பதையும் எழுதி வையுங்கள். முடிவுத்தாளைப் பத்திரப்படுத்துங்கள். சுன்னாகம் வழக்கில் நின்றது கிணற்று நீரின் அளவீடுகள்தான். கண்ணீருக்கும் கோபத்துக்கும் நீதிமன்றத்தில் அந்த எடை கிடைத்திருக்காது.

நாளை கேட்க வேண்டியவை

நொதேர்ன் பவரின் இயந்திரங்கள் நின்றுவிட்டன. ஆனால் சுன்னாகத்தில் மின்சாரசபையின் உத்துறு ஜனனி மின்நிலையமும் உலை எண்ணெய்க்காகவே அமைக்கப்பட்டது. மறுபக்கம், 2014 முதல் பளைப் பகுதியில் காற்றாலைகள் 20 மெகாவாற் தரத் தொடங்கின. நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவுக்கு இந்திய உதவியுடன் சூரிய, காற்று மின்திட்டம் உடன்படிக்கையாகியது. காற்றிலும் வெயிலிலும் கந்தகம் இல்லை. ஆனால் காற்று விழுந்த இரவுகளுக்கும் வலையமைப்புப் பழுதான நாட்களுக்கும் எண்ணெய் இயந்திரம் இன்னும் சில காலம் தேவைப்படும் என்று சொல்லப்படும். 2024 ஆகஸ்ட்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. "இனிக் குழாய்த் தண்ணீர் வருகிறதே" என்று கிணறுகளைக் கைவிடும் எண்ணமும் வரலாம். தோட்டத்துக்கு, மாட்டுக்கு, கொட்டிலில் நிற்கும் ஆட்டுக்கு யாரும் கடலைக் குடிநீராக்கிக் கொடுக்கப் போவதில்லை. கிணறு கெட்டால் வலிகாமத்தின் வேளாண்மை கெடும்.

ஆகவே எண்ணெய் எரிக்கும் எந்த நிலையத்திடமும் நான்கு விடயங்களைக் கேட்கலாம். வாங்கும் எண்ணெயில் கந்தகம் எத்தனை சதவீதம்? புகையில் கந்தகவீரொட்சைட்டு எவ்வளவு, யார் அளந்தது? கடந்த ஆண்டு எத்தனை தொன் சேற்றெண்ணெயும் பழைய ஒயிலும் உருவானது, எந்தத் திகதியில் யார் ஏற்றிச் சென்றார்கள், எங்கே அழிக்கப்பட்டது? சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இன்று செல்லுபடியாகுமா?

மூன்றாவது கேள்விதான் கூர்மையானது. எரித்த எண்ணெயின் அளவு தெரிந்தால், வந்திருக்க வேண்டிய கழிவின் அளவை யாரும் கணக்குப் போடலாம். ஏற்றிச் சென்ற கழிவு அதைவிட மிகக் குறைவாக இருந்தால், மீதி எங்கே என்று கேட்க உரிமை உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மின்சாரசபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் பிரதேச சபையிடமும் இவற்றைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

2009க்குப் பிறகு நமக்கு அபிவிருத்தி என்று வந்தவற்றில் பலவற்றை நாம் கேள்வி கேட்காமலேயே ஏற்றோம். இருட்டில் இருந்தவர்களுக்கு வெளிச்சம் வந்தபோது, அந்த வெளிச்சத்தின் கழிவு எங்கே போகிறது என்று கேட்பது நன்றிகெட்ட பேச்சாகத் தெரிந்தது. சுன்னாகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஐந்தாறு ஆண்டுகள் தாமதமானது. அடுத்த முறை முதல் பௌசர் எண்ணெய் வாசலுக்குள் நுழைய முன்னரே கேட்போம்.